நல்லாருக்கேன் என்றால் வெயில் அடிக்கும்

இருட்டு நாள் 61. காலை 07:10

செவ்வாய், வடதுருவம், ‘கூதிர்’ நிலையம். வெளியே மைனஸ் நூற்று இருபது. உள்ளே பதினாறு. காற்று சரி. தண்ணீர் சரி. இட்லி மாவு சரியில்லை. அரைத்து மூன்று நாளாகியும் பொங்காமல் முறைக்கிறது.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு: என் பெயர் மகிழ்நன், வயது பதினேழு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூரியன் மறைந்ததிலிருந்து நான் மகிழ்ந்ததாக ஞாபகம் இல்லை. இங்கே இரண்டே பேர்தான். இன்னொருவர் பொறியாளர் பொன்மாரி, என் அத்தை. தொலைவிலுள்ள அணு உலையிலிருந்து வரும் மின்சாரம் நேற்று நின்றுவிட்டதால், கேபிளைப் பார்க்க விடியலில் ஊர்தியில் கிளம்பிவிட்டார். விடியல் என்பது இங்கே ஒரு மரியாதைக்குச் சொல்வது. இப்போது ஓடுவதெல்லாம் பாட்டரியில்.

மூன்றாவதாக ஓர் இயந்திரம். பெயர் தேற்றி. குளிர்கால இருட்டில் மனம் சுணங்கினால் தேற்றுவது அதன் உத்தியோகம். மணிக்கட்டுப் பட்டை வழியாக என் நாடியைப் பார்த்தபடி அவ்வப்போது விசாரிக்கும். வாய் ஒன்று சொல்லி நாடி வேறு சொன்னால் கூரை முழுக்க வெயில் விளக்குகளைப் போட்டுவிடும். நாடி அடங்கி, நான் சொல்வதை அது நம்பும்வரை அணைக்காது. அத்தையின் உள்ளங்கை ரேகை இல்லாமல் அதை நிறுத்தவும் முடியாது. மாமியார் மாதிரி என்று எழுத நினைத்தேன். மாமியாரைக்கூடச் சமாளிக்கலாம்.

அதே நாள். 14:40

அத்தையின் வானொலி:

“மகிழா, கேக்குதால? கேபிளு பனியில நசுங்கிக் கெடக்கு. மாத்துத் துண்டு அங்கதான் இருக்கு, எடுக்கத் திரும்பி வாரேன். ஒரே மூட்டம், பாதையே தெரியல. கம்பத்து வெளக்கப் போட்டு வையி. அதப் பாத்துதான் வரணும்.”

போட்டேன். உடனே தேற்றி:

“மகிழ்நன், எப்படி இருக்கிறீர்கள்?”

நல்லாருக்கேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் யார், எப்போது கேட்டாலும் அதுதான் பதில். காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாலும், போன் வந்தால் தொண்டையைக் கனைத்துவிட்டு நல்லாருக்கோம் என்போம். நாடி தடதடத்தது. கூரை வெயில் கொளுத்தியது. கம்பத்து விளக்கு அணைந்தது.

பாட்டரியில் இரண்டுக்கும் தெம்பு இல்லை. தேற்றியின் சட்டத்தில் ஆள் முதலில், கம்பம் அப்புறம். அந்த ஆளுக்காக இன்னோர் ஆள் வெளியே தடுமாறுவது அதன் சட்டத்தில் இல்லை.

15:25

விளக்குகளை உடைக்க முடியாது. கூரைக் கண்ணாடியோடு சேர்த்து வார்த்தவை. உடைத்தால் வெயிலோடு காற்றும் போய்விடும்.

பட்டையைக் கழற்றி மாவுப் பாத்திரத்துக்குக் கட்டினேன். மூன்று நொடி.

“மகிழ்நன், உங்கள் உடல்நிலை கவலை அளிக்கிறது.”

விளக்கு இன்னும் ஏறியது. மாவுக்கு நாடி இல்லையாம்! திரும்பக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன். ஆடிப் பார்த்தேன். நாடி கூடியது, வெயிலும் கூடியது. மனம் சுணங்கக் கூடாது என்று முக்க முக்க இன்னும் சுணங்குகிறது.

“எலே, வெளக்கு எங்கல? தூங்கிட்டியா மூதேவி?”

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நல்லாருக்கேம்ல.”

மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. காற்று எவ்வளவு என்று அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார். இரண்டரை மணி நேரத்துக்கு.

16:20

மாவைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளாக அதைச் சூடாக்கி, அடித்து, சர்க்கரை போட்டு, திட்டியும் பார்த்தாயிற்று. ஓரத்தில் நாலைந்து குமிழி. கெட்டுப்போகவில்லை. குளிருக்கு மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். நான்தான் அதை நோயாளி ஆக்கியிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்தேன். சிரிக்க முயலவில்லை.

“எப்படி இருக்கிறீர்கள்?”

நல்லா இல்லை என்றேன். வாய்க்குப் பழக்கமில்லாத சொல், பல்லில் இடறியது. சூரியன் போன அன்றே எனக்குள் ஏதோ சுருண்டு படுத்துவிட்டது, எழுப்பாதே, பனிக்காலம் முடியும்வரை அது படுத்திருக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். நாடி நிதானமாக ஓடியது.

தேற்றி என் நாடியை இன்னொரு முறை பார்த்தது. பிறகு:

“புரிந்தது. சிகிச்சை தேவையில்லை.”

வெயில் அணைந்தது. கம்பத்தில் விளக்கு எரிகிறது. இருட்டு இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

17:05

“மகிழா! தெரியுது! ஒரு சொட்டு வெளிச்சம் தெரியுதுலே!”

துள்ளினேன். அலமாரியில் தலை இடித்தது. அந்த நேரம் பார்த்து தேற்றி விசாரித்தது. மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது: நல்லாருக்கேன்!

வாழ்க்கையில் முதல்முறையாக அது நிஜம். நாடி நூற்று முப்பது. தேற்றி நம்பவில்லை.

கூரை முழுக்க வெயில். கம்பம் இருட்டு.

“போயிட்டு. எலே, போயிட்டுல. பக்கத்துல பள்ளம் கெடக்கு. நவுர முடியாது.”

17:12

அடங்கு என்றால் அடங்குமா நாடி.

வானொலியில் கேட்டேன். நெசமாகச் சொல்லுங்கள் அத்தை, எப்படி இருக்கிறீர்கள்.

அத்தை:

“பயமா இருக்குல.”

எனக்கும் என்றேன். அவர் மூச்சு, என் மூச்சு. கனமாக ஏதோ வந்து மடியில் உட்கார்ந்தது. தள்ளிவிடவில்லை.

தேற்றி கேட்டது. பயமாக இருக்கிறது, துக்கமாக இருக்கிறது, இருக்கட்டும் என்றேன்.

வெயில் அணைந்தது. கம்பம் எரிகிறது.

17:40

வானொலி அடங்கிவிட்டது. அவர் காற்று தீர இன்னும் கொஞ்ச நேரம்தான். கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் நாடி ஏறும். இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் மாவுப் பாத்திரம். இரண்டு பேரும் மெதுவாக.

17:58

வெளிக் கதவில் சத்தம். தட்டுகிற சத்தம்.

இந்தக் கோளில் தட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது.

ஓடக் கூடாது. கதவறைக்குக் காற்று நிரப்பும் பம்பும் அதே பாட்டரி. வெயில் வந்தால் பம்ப் நிற்கும். வெளிக் கதவு திறந்து மூடியதும் பொத்தானை அழுத்திவிட்டேன். பம்ப் முக்கி முக்கி ஓடுகிறது. இரண்டாவது தட்டல், உள் கதவில், முதல் தட்டலைவிட மெலிதாக இருக்கிறது.

“மகிழ்நன், எப்படி இருக்கிறீர்கள்?”

நல்லா இல்லை.

இன்னும் ஒரு கதவு திறக்கும்வரை, நல்லா இல்லை.