வார்னிஷ் பூசும் நாள்

1869 ஜனவரி 19

பனி பெய்வது நின்றதும் ஒனோரினை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் துவைத்துப் போட்ட சட்டைகள் கொடியில் பலகையாக விறைத்துக் கிடந்தன. அவற்றின் கீழே உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே உதடு வெளுத்துவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம்யா? காலு மரத்துப்போச்சு" என்றாள். பேசாதே, நிழல் நகர்கிறது என்று கத்தினேன். மாசமாக இருக்கிறவளிடம் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் பனியில் விழுந்த நிழல் நீலம்! சாம்பல் இல்லை, கறுப்பு இல்லை. கண் பார்த்ததைக் கை அப்படியே தீட்டியது.

ஜனவரி 24

அப்பா ரூவானிலிருந்து வந்தார். படத்தின் முன் நின்று மூக்கைச் சொறிந்தார். "பனி நீலமாடா இருக்கும்? கண்ணு கெட்டுப்போச்சா உனக்கு?"

பிறகு தீர்ப்பு. ஒனோரின் பக்கத்திலேயே நிற்கிறாள், அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இந்த வருஷம் சலோன் கண்காட்சியில உன் படம் தொங்கணும். தொங்கினா இவளையே கட்டிக்கோ, நான் சம்மதக் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா துணிக்கடைக்கு வந்து உக்காரு. இவ யாரோ, நீ யாரோ."

எனக்கு இருபத்துமூன்று. இருபத்தைந்து ஆகும்வரை அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ஊர் மன்றமும் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்காது. குழந்தை ஜூலையில். போன இரண்டு வருடமும் சலோன் நடுவர்கள் என் படங்களின் முதுகில் நிராகரிப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

பிப்ரவரி 12

ஒனோரினுக்கு இருமல் நிற்கவில்லை. என்னால்தான். படத்தில் முகம் மட்டும் பாக்கி.

மார்ச் 9

இன்று ஜன்னலருகே உட்கார்ந்தாள். முகத்தை ஒரே மூச்சில், வண்ணத்தை அப்பி அப்பி முடித்தேன். இளைத்திருக்கிறாள். அந்தப் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. இதுவரை நான் தீட்டியதிலேயே இதுதான் — சொல்லவே பயமாக இருக்கிறது.

மார்ச் 15

லிஜியே வந்தான். ஒரே ஆசிரியரிடம் படித்தோம். போன வருடம் அவன் படம் சலோனில் தொங்கியது, என்னுடையது திரும்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதைக் கொண்டுபோய் வெச்சா நடுவர் கிழவனுங்க சிரிச்சே செத்துடுவானுங்கடா! தார்ப்பழுப்பை வார்னிஷ்ல கரைச்சு மேலே ஒரு கை போடு. முந்நூறு வருஷத்துப் படம் மாதிரி ஆயிடும், மயங்கிடுவானுங்க."

எழுந்து போடா என்றேன். போனான். போகும்போது அந்தத் தார்ப்பழுப்புக் குப்பி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான், சனியன்.

மார்ச் 18

பூசிவிட்டேன். முகத்தில் வண்ணம் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் தார் போடக் கூடாதென்று முதல் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாளைக்கே அனுப்பியாக வேண்டுமே, என்ன செய்ய?

மார்ச் 19

வண்டி வருவதற்கு முன் ஒனோரின் பார்த்துவிட்டாள். "யாரு இவ?"

"நீதான்."

"நானா? புகைபோக்கியில தொங்கவிட்ட பன்றித்தொடை மாதிரில்ல இருக்கா." சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தன் சால்வையை அவிழ்த்துப் படத்தைச் சுற்றிக் கொடுத்தாள், மழை படாமலிருக்க.

ஏப்ரல் 21

எடுத்துக்கொண்டார்கள்! எடுத்துக்கொண்டார்கள்! ஒனோரின் மாவு பிசைந்த கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, இந்த வயிற்றோடு எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வருவது என்று கவலைப்பட ஆரம்பித்தாள். திறப்பு நாளன்று அப்பா இரண்டு வியாபாரி நண்பர்களோடு வருகிறாராம். நான் ஏன் குதிக்கவில்லை?

ஏப்ரல் 30

எழுதியே ஆக வேண்டும்.

இன்று வார்னிஷ் பூசும் நாள். திறப்புக்கு முந்தின நாள் ஓவியர்களை மட்டும் உள்ளே விடுவார்கள். ஆளுக்கொரு ஏணி, ஆளுக்கொரு தூரிகை. எங்கே பார்த்தாலும் பழுப்பு. என் படத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பட்டியலில் இருந்த எண்ணைப் பார்த்துத் தேடினேன். கூரையை ஒட்டி, ஒரு பிஷப்புக்கும் செத்த முயல்களுக்கும் நடுவில் கிடந்தது. கீழே நின்ற ஒரு கிழவர் என் கையைத் தட்டி, "நல்ல அடக்கமான நிறம் தம்பி. யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார்.

ஏணியில் ஏறினேன். தூசி துடைக்கத்தான், சத்தியமாக. துணியில் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் அளவு தேய்த்தேன். உள்ளே நீலம்! என் ஜனவரி! அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பனி வந்தது, சட்டைகள் வந்தன, கொடி வந்தது. எல்லாரும் பூசிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் பைத்தியக்காரனைப் போல் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே சிரிப்பு. "இறங்குடா!" — அது லிஜியேவின் குரல். "கெடுத்துக்காதேடா, இறங்கு!"

முகத்துக்கு வந்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன். தாரோடு சேர்ந்து முகமும் துணியில் வந்துவிட்டது. கண், வாய், எல்லாம். வெறும் கேன்வாஸ் தெரிந்தது.

காவலர்கள் என்னை இறக்கினார்கள். படத்தையும் இறக்கினார்கள்.

மே 1

அப்பா வந்தார். கண்காட்சியின் விவரப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, சுவரில் நான் இல்லை. "எங்கடா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். நண்பர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"தொங்கின படத்தை நீயே அழிச்சியா? உன் கையாலயேவா?" அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கையெழுத்து இனி இல்லை.

மே 2

ஒனோரினிடம் என்னத்தைச் சொல்ல? பாவி நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பாழாய்ப்போன படம் அங்கே தொங்கியிருந்தால் இவளுக்கு மனைவி என்று ஒரு பெயர் கிடைத்திருக்கும். சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 30

ரூவானுக்கு, அப்பாவின் துணிக்கடைக்கு, நான் போகவில்லை. ஒனோரின் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பிழைப்புக்குத் துவைக்கும் ஆற்றுச் சலவைப் படகில் அவளால் குனிய முடியவில்லை. கூடைகளை நான் தூக்குகிறேன். பெண்கள், "எங்க ஓவியரய்யா, ஈரத்தோட பாத்துத் தூக்குங்க" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். தூரிகையைத் தொட்டு ஒரு மாதமாகிறது. தொட்டு என்ன பிரயோஜனம்?

ஜூலை 11

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

ஜூலை 12

பதிவு செய்ய ஊர் மன்றத்துக்குப் போனேன். குமாஸ்தா தலையைத் தூக்காமல், "கல்யாணம் ஆகல. அப்பன் தெரியாதுன்னு போடட்டுமா?" என்றான். "தெரியும். நான்தான்" என்றேன்.

"தொழில்?"

சலவைச் சோடாவில் ஊறி வெடித்துப்போன என் கைகளை அவன் பார்த்தான். ஓவியன் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு எழுதினான்.

வீட்டில் நகலைக் கொடுத்தேன். ஒனோரினுக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டச் சொன்னாள். தகப்பன் நான், தொழில் ஓவியன் என்பது வரை வாசித்தேன். குழந்தையை அடுத்த மார்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ இங்க என்ன பண்றே? கூடையை நாளைக்குத் தூக்கிக்கலாம். வெளிச்சம் போயிடும், போ."