சித்தப்பா ராவிய பல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எங்கள் கையாலும் காலாலும் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், மூட்டுவலி தவிர குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது வழக்கம், இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு வைத்துவிடுகிறேன். வரைபட அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் வார்த்தை வரும். ஆகவே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. சித்தப்பா இப்போது இருக்கும் நிலை.
2. புகை இல்லாத புகையிலையால் ஆபத்தில்லை என்று அவர் நம்பியது.
3. உன் வாயில் இருக்கும் புண்.
4. இவ்வளவையும் கேட்டு நீ பயந்தால் போதும், பழக்கம் தானாகப் போய்விடும் என்பது.

சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம். "தனியா இருக்கிற பிள்ளை, எல்லாத்தையும் சொல்லிக் கலங்கடிக்காதீங்க" என்றாள் அம்மா. இப்போது சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்துவிட்டார்கள், நாக்கிலும் ஒரு பகுதி போயிற்று. அந்தப் பள்ளத்தை மூட மார்பிலிருந்து சதையும் தோலும் எடுத்துத் தைத்திருக்கிறார்கள், அந்தத் தோலில் இப்போது வாய்க்குள்ளேயே முடி முளைக்கிறது. சாப்பாடு மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான். எச்சில் நிற்காமல் ஒழுகுவதால் கையில் எப்போதும் ஒரு துண்டு. பேசுவது சித்திக்கு மட்டும் கொஞ்சம் புரிகிறது, மற்றவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டுகிறார். போன மாதம் பிடிவாதமாகத் தன் கடிகாரக் கடையைத் திறக்கச் சொல்லி, மேஜை முன்னால் உட்கார்ந்து, பழுது பார்க்கும் லென்ஸை இடது கண்ணில் வைத்தார். அதைப் பிடித்து நிறுத்தக் கன்னத்தில் சதை இல்லை. வைக்க வைக்க விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். கடைசியில் சித்திதான் கதவைச் சாத்தி அழைத்து வந்தாள்.

இது வந்த விதம் உனக்குத் தெரிய வேண்டும். கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பிடித்தால் சக்கரத்தில் சாம்பல் விழும், இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும், அதனால் தொழில் கற்ற நாளிலிருந்து அவர் புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்வார். அதில் ஒரு பெருமையும் உண்டு. "சிகரெட்காரன் பக்கத்துல இருக்கிறவன் நெஞ்சையும் சேத்துக் கெடுக்கிறான். நான் யாருக்கும் தொந்தரவு இல்லாதவன்ணா" என்பார். முதலில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது, டீ சூடு பட்டது என்றார். பிறகு அது புண்ணாயிற்று. அதை டாக்டரிடம் காட்டாமல், கண்ணாடி முன்னால் நின்று தன் லென்ஸை மாட்டிக்கொண்டு அவரே பார்த்திருக்கிறார். பக்கத்துப் பல் கூராக இருக்கிறது, அதுதான் உரசுகிறது என்று முடிவு செய்து, கடிகாரப் பற்சக்கரம் ராவுகிற மெல்லிய அரத்தால் தன் பல்லைத் தானே ராவிக்கொண்டார்! நம் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டிச் சிரித்தார். "ஊர்க் கடிகாரத்துக்கெல்லாம் நான் டாக்டர், எனக்கு ஒரு டாக்டரா?" என்று கேட்டார். சித்தி மட்டும், "ஆமா, வாய்க்குள்ள சாவி குடுத்து விட்டுடுங்க, ஓடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி குறைந்த மாதிரி இருந்ததாம், அந்தத் தைரியத்தில் இன்னும் சில மாதம் ஓட்டினார். பிறகு பார்த்த பல் டாக்டர் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே, நான் புகைதானே கெடுதல் என்று அசட்டுத்தனமாகக் கேட்டபோது ஒரு பெண் டாக்டர், "பெரியவரே, புகையில இருந்தாலும் இலையில இருந்தாலும் விஷம் விஷம்தான். இது நெஞ்சுக்குப் போகாம நேரா வாய்ச் சதையிலேயே ஊறுது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும்கூட அது நல்லதில்லை என்றும் சொன்னார்.

இனி உன் விஷயம். நீ வேலை பார்க்கும் எண்ணெய்க் கிடங்கில் தீக்குச்சியைக்கூட உள்ளே விடமாட்டார்கள், அதனால் நீயும் உன்னோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் சின்னப் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைத்துக்கொள்வதாகப் போன லீவில் நீயே சொன்னாய். "நெருப்பே கிடையாதுப்பா" என்றாய். போன முறை வீடியோவில் நீ சாப்பிட்டுக்கொண்டே பேசியபோது வலது பக்கத்திலேயே மென்றாய், தண்ணீர் குடிக்கத் தலையைச் சாய்த்தாய். அம்மா கேட்டதற்கு, "சூடா டீ குடிச்சுட்டேன்மா" என்றாய். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சாதாரணப் புண்ணாகவே இருக்கலாம், நான் டாக்டர் இல்லை, எதற்கெடுத்தாலும் மோசமானதையே நினைக்கிறவன் என்று நீ கேலி செய்வதும் சரிதான். ஆனால் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னார், ஆரம்பத்திலேயே பார்த்தால் சின்ன வைத்தியத்தோடு போய்விடுவதும் உண்டாம். நீ டீ குடித்து அதைவிட அதிக நாள் ஆகிவிட்டது.

இதுவரை நேற்று எழுதினேன். நான்காவதை எழுதுவதற்குமுன் இன்று காலை சித்தப்பாவோடு சற்று இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். சித்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் பலகையை இழுத்து எழுதினார்: "அண்ணா, ஒரு துளி புகையிலை வாங்கிட்டு வா. வாயில வைக்க மாட்டேன். மோந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்." நான் படித்ததும் சித்தி வருவதற்குள் துண்டால் துடைத்துவிட்டார். பாதித் தாடை போன பிறகும் கேட்கிறார். இதைவிடப் பயப்பட ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்காவதை எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. நான் பயந்தாங்கொள்ளி, தெருநாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறவன். பயம் என்னைப் பல கெடுதல்களிலிருந்து தள்ளி வைத்தது, அதனால் உனக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். போதாது. இது பயந்தால் விடுகிற சமாசாரம் இல்லை, உடம்பே கேட்கிறது. ஆகவே புண்ணைக் காட்டும்போது, இந்தப் பழக்கத்தை விடுவதற்கும் உதவி வேண்டும் என்று வெட்கப்படாமல் கேள். அதற்கும் மருந்து இருக்கிறது, ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அறையில் உடன் இருக்கிற பையனிடம் சொல்லி வை. கை அந்தப் பொட்டலத்துக்குப் போகிற நேரம் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் சரி. நான் கீரை விலையோ மின்வெட்டோ ஏதோ பேசிக்கொண்டிருப்பேன், நீ கேட்கக்கூட வேண்டாம், அந்தத் தவிப்பு அடங்கும்வரை போனைக் காதில் வைத்திரு. ஒருமுறை தவறி வைத்துக்கொண்டாலும் அதையும் சொல், திட்டமாட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த உடம்போடு இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். இந்த வாரமே வாயைக் காட்டு, டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது. மேலே நான்காவதாக எழுதியது தப்பு.

உன்
அப்பா