விதைச் சாக்குக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த நிறம்

அன்பு மகள் ஹசிந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் கடவுள் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஸ்பெயினில் உன் லோர்காவில் குளிர் எப்படி, கீரையைப் பெட்டியில் அடைக்கிற வேலையில் விரல் மரத்துப்போகிறது என்றாயே அது தேவலையா என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் இருவருக்கும் முதல் நினைப்பு. அம்மாவுக்கு மழை பிடித்ததிலிருந்து முட்டிவலி கொஞ்சம் கூடுதல், ஆனாலும் கோழிக்குத் தீனி போட என்னை விடுவதில்லை. ஆறு இந்த வருஷம் இதுவரை கரை ஏறவில்லை, சோளம் ஊன்றி முடித்துவிட்டோம்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், வருத்தப்படாதே. உன் ஞானமகள் நயேலியைப் பற்றிப் போனில் என்னால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "பெத்தவளுக்குக் கண்ணு எங்கப்பா போச்சு, விஷச் சாக்குன்னு தெரியலையா" என்று நீ அவள் அம்மா எதில்மாவைப் பற்றிக் கேட்டது அழுகையில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொண்டால் அந்த வார்த்தையை நீ இன்னொரு முறை சொல்லமாட்டாய் என்பதால் சொல்கிறேன். நம் கூட்டுறவுச் சங்கத்தில் சாப்பாட்டுச் சோளம் போடுகிற சாக்கும் பூச்சிமருந்து கலந்த விதைச் சோளம் வருகிற சாக்கும் ஒரே வெள்ளைச் சாக்குதான், இரண்டிலும் அதே பச்சையும் மஞ்சளுமாக ஒரு சோளக்கதிர்ப் படம். விதைச் சாக்கில் மட்டும் அடியில் கறுப்பில் பொடி எழுத்தாக எச்சரிக்கை இருக்கும். எதில்மா காலிச் சாக்கைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தாள், அந்தப் பொடி எழுத்து முதல் துவையலிலேயே போய்விட்டது, கதிர் மட்டும் நின்றது. அப்புறம் அதில் சோள மாவைக் கொட்டி வைத்தாள், இந்த ஊரில் எந்த வீட்டில் அப்படிச் செய்யவில்லை சொல். மருந்து இழைக்குள்ளே ஏறி உட்கார்ந்திருக்கும், துவைத்தாலும் போகாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகுதான் சொன்னார். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி குடித்த மூன்று பேருக்கும் வாந்தி, எதில்மாவும் அவள் புருஷன் ஃபௌஸ்தோவும் பிழைத்துக்கொண்டார்கள், குழந்தையின் சின்ன உடம்பு தாங்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நீ வாங்கிக்கொடுத்த வெள்ளைக் கவுன் அவளுக்குப் பத்தாமல் போய் ரொம்ப நாளாகிறது, அதைச் சவப்பெட்டியில் தலைமாட்டில் மடித்து வைத்து அனுப்பினோம்.

அதற்கப்புறம் சங்கத்தில் எல்லாச் சாக்கையும் மாற்றுவது என்று முடிவாகி, குவாயாகில் நகரத்திலிருந்து சாக்குக் கம்பெனிக்காரர் இபார்ரா மாதிரிகளை எடுத்துக்கொண்டு வந்தார். சாக்கு வாங்குகிற பொறுப்பு என்னிடம் இருப்பதால் கிடங்கில் மேசை போட்டு நான்தான் விரித்து வைத்தேன். வெள்ளைச் சாக்கில் ஒரே நிற அச்சு, இரண்டு நிற அச்சு, கடைசியாக மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி அதற்கு அடியில் பல நிறங்களில் போட்டோவே அச்சடித்த சாக்கு. அந்தக் கதிரில் மணி மணியாக எண்ணலாம், அப்படிப் பளபளத்தது. தலைவர் ஓல்மேதோ அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்கய்யா, கோயில் பீடத்துலயே வெக்கலாம் போல இருக்கு, எச்சரிக்கைய செவப்புல பெருசா போட்டுருவோம், எவ்வளவு தொவச்சாலும் அழியாது" என்றார். அவர் சொன்னதும் சரிதான், மற்றச் சாக்குகளில் மை உரிந்துவிடும், இதில் மை தாளுக்கு அடியில் இருக்கிறது, நானும் தலையாட்டினேன். ஃபௌஸ்தோ அப்போதெல்லாம் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, அவனுக்குப் பதிலாக எதில்மா வந்து கடைசியில் நின்றிருந்தாள். அவள் முன்னால் வந்து அந்தச் சாக்கைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. இவ்வளவு நல்லா இருக்கறத யாரு தூக்கிப் போடுவா? நானே போடமாட்டேன். அன்னைக்கும் அழகா இருக்குன்னுதான் தொவச்சி வெச்சேன். 'இதுல மாவு போட்டு வைம்மா, படம் நல்லா இருக்கு'ன்னு எம்புள்ளதான் சொன்னா" என்றாள். ஹசிந்தா, அங்கே இருந்த ஆண்பிள்ளைகள் ஒருத்தனும் நிமிரவில்லை. ஓல்மேதோவுக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அப்படியானால் நயேலியின் முகத்தையே சாக்கில் போட்டுவிடலாம், பார்த்தால் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள் என்று. எதில்மா, "வேண்டாம் ஐயா. சாக்கத் தரையில போடுவாங்க, ஏறி மிதிப்பாங்க, மேல உக்காந்து சீட்டு ஆடுவாங்க. எம்புள்ள மொகம் அங்க வேண்டாம்" என்றாள்.

அப்போதுதான் இபார்ரா வாயைத் திறந்தார், அச்சடிக்காமல் நெய்கிற இழையிலேயே நிறத்தைச் சேர்த்து விடலாம், துவைத்தாலும் தேய்த்தாலும் போகாது, ஆனால் பெரிய அளவில் எடுத்தால்தான் கம்பெனி தனியாக நெய்து தரும் என்றார். நம் சங்கத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை, அக்கரைச் சங்கமும் சேர்ந்தால் சரியாக வரும். அவர்களோடு நமக்கு வாய்க்கால் தகராறிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். யாரும் போக முன்வரவில்லை, எதில்மா என்னிடம், "நீங்க வாங்க, நான் பேசறேன்" என்றாள், இரண்டு பேரும் படகேறிப் போனோம். அவர்கள் தலைவர் செகுந்தோ எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வாய்க்கால் தண்ணியத் திருடினவங்க இப்பச் சாக்குக்கும் பங்காளி தேடி வந்துட்டீங்களா" என்றார். எனக்கு மூக்கு விடைத்தது, எதில்மா என் கையைப் பிடித்து அடக்கிவிட்டு அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டாள், "உங்க வீட்டுல விதைச் சாக்கு எங்க இருக்கு?" அவர், போன வருஷச் சாக்கை இன்னுமா வைத்திருப்பேன் என்று சிரித்தார். ஆனால் அவர் மனைவி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அடுக்களையிலிருந்து பீன்ஸ் நிறைந்த ஒரு வெள்ளைச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் எங்கள் முன்னால் போட்டாள், அடியில் கறுப்பு எழுத்துப் பாதி இருந்தது, பாதி இல்லை. "பேரப்பிள்ளைங்களுக்கு நேத்து இதத்தான் வேகவெச்சேன்" என்றாள், அவ்வளவுதான். நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செகுந்தோவே குழி வெட்டி அந்தப் பீன்ஸைக் கொட்டி மூடினார், பிறகு நாற்காலி கொண்டுவந்து எதில்மாவை உட்காரவைத்தார்.

நிறத்துக்கு மட்டும் ஒரு கூட்டம் போதவில்லை. மஞ்சள் என்றால் ஊரில் பாதிப் பேரும் நீலம் என்றால் மீதிப் பேரும் தங்கள் பந்தாட்ட அணியின் நிறம் என்று வீட்டில் மாட்டிவிடுவார்கள், சிவப்பென்றால் தேர்தலுக்குத் தோரணமாகும். கறுப்பு வெயிலில் சூடேறி விதையைக் கெடுத்துவிடும் என்றார் இபார்ரா. கடைசியில் ஈரல் நிறத்தில் ஒரு மாதிரிச் சாக்குத் துண்டு வந்தது, உன் அம்மா பார்த்துவிட்டு, "சீ, பாக்கவே சகிக்கல" என்றாள். எதில்மா அதுதான் வேண்டும் என்றாள். கதிர்ப் படம் கிடையாது, இரண்டு பக்கமும் வெள்ளையில் ஒரு சமையல் சட்டி, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். விதையைக் கொட்டியதும் சாக்கை நெடுக அறுத்துக் கிடங்கில் திருப்பித் தரவேண்டும் என்றும் இரண்டு சங்கமும் சேர்ந்து எழுதிக்கொண்டோம்.

முதல் மழைக்கு முன்னால் சாக்குகள் வந்தன, விதையை நிரப்பிக் கொடுத்தோம். ஃபௌஸ்தோ அன்றைக்குத்தான் வெளியே வந்தான், சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே வயலுக்குப் போனான். அவர்கள் ஊன்றி முடித்த அன்று சாயங்காலம் எதில்மா அறுத்த சாக்கை மடித்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். "இன்னும் யாரெல்லாம் கொண்டாந்தாங்க" என்று கேட்டாள். நீதான் முதல் ஆள் என்றேன். அவள் கிடங்கு வாசலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள், ஒவ்வொருவரும் சாக்கைக் கொண்டுவந்து போடும்போது பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கரையிலிருந்து கடைசிச் சாக்கை செகுந்தோவே படகில் கொண்டுவந்து சேர்த்த அன்றுதான் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மகளே, இதைப் படித்ததும் எதில்மாவுக்கு ஒரு போன் போடு. சாக்கைப் பற்றி ஒன்றும் கேட்காதே, ஊரில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். குழந்தையைப் பற்றிப் பேசு, அவள் சிரிப்பை, அவள் பாடினதை, உனக்கு எது நினைவிருக்கிறதோ அதை. அவள் பெயரைச் சொல்ல எல்லாரும் பயப்படுகிறோம், எதில்மாவோ யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறாள். கம்பளிக் கையுறை போடாமல் வேலைக்குப் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உன் தலைமேல் என்றும் இருக்கட்டும்.

உன் மேல் உயிராக இருக்கும்
அப்பா வில்ஃப்ரிதோ