ரங்கூனில் தண்ணீர் போன பக்கம்

கப்பலிலிருந்து, மாசி, 1936

சங்கிலியம்மாளுக்கு உன் புருஷன் அம்மாவாசி எழுதுவது. இந்த வயதில் படித்த எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் முழுவதும் நானே எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முதலாளிக்குச் சமைத்துப்போட அவரோடு நான் வந்த கப்பல் ரங்கூனில் நின்றது. கப்பல்காரர்களே மோட்டாரில் கூட்டிப்போய் ஊர் காட்டுகிறார்கள். நான் தனியாக நடந்து பார்த்தேன். நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும். திரும்பும்போது வழி தவறிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு என்ன பயம்? வாய்க்கால் ஓடுகிற பக்கம்தான் துறைமுகம் இருக்கும் என்று அதன் கரையோடு போனேன். நடக்க நடக்கத் துறைமுகத்தைக் காணோம்.

ஒரு கடைப் பலகையில் தமிழ் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்து உள்ளே போனேன். நம் ஊரையும், வாய்க்காலோடு நடந்து வந்ததையும் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார்.

"பெரியவரே, இது கடல் ஏறுற நேரம். தண்ணி ஊருக்குள்ள போகுது. உங்க ஊர்ச் சுருளியாறுன்னு நெனச்சீகளா? வந்த வழியே திரும்பி நடங்க."

கப்பல் ஏணியைத் தூக்குமுன் ஏறிவிட்டேன். "இனிமேயாவது மோட்டார்ல போவியாய்யா?" என்றார் முதலாளி. மாட்டேன் என்றேன். அடுத்த வாரம் பினாங்கிலும் நடந்து பார்த்துவிட்டு உனக்கு எழுதுவேன்.

முதலாளி கூப்பிடுகிறார். ஒன்று மட்டும் செய். நம் வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாள் நின்று பார்த்து, மருமகனை எழுதச் சொல்.