ரஹீமாவின் இரண்டு புள்ளிகள்

என் ரஹீமாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அழுதபோதும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து லாஸ்பேட்டை ஆய்வகத்துக்குத் திரவ நைட்ரஜன் வாங்கிவர இப்போது தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன். பிளாஸ்க்கில் புகை வருவதைப் பார்த்து, "இன்னாம்மா அது, சுடுதண்ணியா?" என்கிறார் கண்டக்டர். நீ என்றால் ஏதாவது கதை அளந்திருப்பாய். நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

போன வாரம், நாம் இருவரும் அளந்த அந்த நிக்கல் சேர்மப் படிகத்தை மறுபடி குளிரவைத்தேன். அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அதே துண்டுதான். ஒரு அடுக்குக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த அடுக்கை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் குளிரக் குளிரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரிசைக்கு வரும், காந்தத்தன்மை வரைபடத்தில் பெரிய மேடு ஒன்று எழும்பி இறங்கும், அவ்வளவுதான் என்று நான் சாதித்தேன். மேடு இறங்கிய பிறகு, ஒரே வெப்பநிலையில் எல்லா அடுக்கும் சட்டென்று வரிசையாகிவிடுகிறது என்றாய் நீ. சாட்சிக்கு உன்னிடம் இருந்தது, கோட்டிலிருந்து விலகிய இரண்டே புள்ளிகள்.

"தெர்மோகப்பிள் கம்பி ஆடி, சூட்டைத் தப்பா காட்டியிருக்கும்டி."

"ஆடலக்கா. மூணு நாளும் அதே எடத்துலதான் வருது. நீயே வந்து பாரேன்."

நான் வரவில்லை. என் ஆய்வேட்டுக்கு வரைபடத்தை மையில் வரைய வேண்டியிருந்தது. வளைவுச் சட்டத்தை வைத்து வழவழவென்று ஒரே இழுப்பு. அந்த இரண்டு புள்ளிகளையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். மறுமாதம் மஞ்சள் காமாலையில் படுத்தாய். அந்த ஏட்டுக்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

இந்த முறை அரை டிகிரிக்கு ஒரு ரீடிங் எடுத்தேன். மூன்று நாளும் அதே இடம். நீ சொன்னது சரி, ரஹீமா. அதைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?

அன்றைக்கு நான் எழுந்து வந்து பார்த்திருந்தால், சரி என்று தெரிந்துகொண்டாவது போயிருப்பாய் இல்லையா?

இந்த முடிவைக் கட்டுரையாக எழுதி, உன் ஒருத்தி பெயரில் டைப் அடித்துவிட்டேன். நாளைக் காலை துறைத் தலைவரிடம், புள்ளிகளைச் சுரண்டியது நான்தான் என்று எழுதிக் கொடுப்பேன். பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். அங்கிருந்து நேராக உன் அம்மாவிடம் போவேன். உங்கள் மகள் கண்டுபிடித்தாள், நான் மறைத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத
விஜயா அக்கா