பதினோராவது கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். தம்பிக்கு இன்னொரு முன்பல்லும் விழுந்துவிட்டது. நீங்கள் நலமா என்று வழக்கமாக இரண்டாவது வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்த முறை அதைக் கேட்கத்தான் கடிதமே எழுதுகிறேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் போனில் கேட்க முடியாது. அதனால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இன்ஷூரன்ஸ் படிவத்துக்குள் இதை மடித்து வைக்கிறேன்.

கீழ்வீட்டு மாமா இறந்து ஒரு வருடம் ஆகிறது அல்லவா. போன வாரம் வீட்டுக் கடன் பாக்கிக்காக வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து அவர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பசை சரியாகப் பிடிக்காமல் ஒரு மூலை தொங்குகிறது. அதைப் படிக்காமல் பள்ளிக்குப் போகப் பார்க்கிறேன், முடியவில்லை. இப்போது முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. அன்று மாலையே அம்மா, “நம்ம வீட்டுக் கடனுக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுடணும்” என்று ஏஜென்டை வரச் சொன்னாள்.

அவர் மேசையில் இரண்டு திட்டங்களை விரித்தார். முதலாவதில் கிடைக்கும் தொகை கடனோடு சேர்ந்து தானும் குறைந்துகொண்டே வரும். மருத்துவப் பரிசோதனை இல்லை. இரண்டாவதில் கடைசிவரை குறையாது. ஆனால் இரத்தம் எடுப்பார்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள், டாக்டர் நேரில் பார்ப்பார். “டெஸ்டெல்லாம் எதுக்குக்கா? சார் தினமும் கிரேன் மேல ஏறி இறங்குறவர், இரும்பு மாதிரி இருப்பார். முதல்ல உள்ளதையே போட்டுடுவோம்” என்றார். அம்மாவும் சரி என்றாள்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவத்தை என்னிடம் தள்ளினார்கள். உடல்நலக் கேள்விகள் வந்ததும் ஏஜென்ட் டீயை ஊதிக்கொண்டே, “எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கிட்டே போம்மா” என்றார். பத்து ‘இல்லை’ அழகாக எழுதிவிட்டேன். பதினோராவது கேள்வி: மாடி ஏறும்போது மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டதுண்டா?

அப்பா, போன லீவில் என் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டியை இறக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையை மூடி மூடித் திறந்தீர்கள். என்னப்பா என்றேன். “செருப்புல கல்லு மாட்டிக்கிச்சு வக்கீலம்மா. அம்மாகிட்ட சொல்லிடாத, புதுச் செருப்பு வாங்கச் சொல்லி உயிரை எடுப்பா” என்றீர்கள். நானும் சிரித்தேன். மதியம் நீங்கள் தூங்கும்போது செருப்பு இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். கல் இல்லை, கல் பதிந்த தடமும் இல்லை. ஆனாலும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் பேனா நின்றுவிட்டது. உண்மையை மறைத்தால் தொகை வழங்கப்படாது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். ஏஜென்ட், “அதெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?” என்றார். அம்மா, “இவ மிட்டாய் சுத்தின காகிதத்தைக்கூட விடமாட்டா” என்றாள். உடனே நான் இரண்டாவது திட்டத்துக்குத்தான் நாம் கட்ட வேண்டிய தொகை குறைவு என்று காட்டினேன். அது உண்மைதான். அம்மா இரண்டையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து மனம் மாறிவிட்டாள். “உங்க பொண்ணு என் பிழைப்புக்கே உலை வச்சிடும் போலிருக்கே” என்று சொல்லிக்கொண்டே அவர் புதுப் படிவத்தை எடுத்தார்.

ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது குறைவு என்பதற்காக இல்லை. டாக்டர் பார்ப்பார் என்பதற்காக மட்டும்தான். நீங்களாகப் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

புதுப் படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. அம்மா பார்க்காதபோது அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். ‘ஆமாம்’ என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் கிடைக்காமலே போகலாம். ‘இல்லை’ என்று எழுதினால் என்றாவது ஒருநாள் நம் கதவிலும் நோட்டீஸ் ஒட்டலாம். இரண்டையும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். வீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாலும் கடைசியில் உங்கள் கிரேனின் எண்பத்தாறு படிகளில்தான் வந்து நிற்கிறேன். வகுப்பில்கூட எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாற்பதுக்கு மேல் எண்ணப் பயமாக இருக்கிறது.

பரிசோதனைக்கு உங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிடுவார்கள். லீவு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதுவரை ஏறாமல் இருக்க முடியுமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். கட்டத்தில் எது உண்மையோ அதை நீங்களே எழுதுங்கள். இன்ஷூரன்ஸ் கிடைக்காவிட்டால் போகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தினமும் வாய்வரை வந்துவிடுகிறது.

டாக்டரிடம் மட்டும் செருப்பில் கல் என்று சொல்லாதீர்கள், அப்பா.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
வக்கீலம்மா