இரண்டாவது கூவல்

அக்கா,

இன்று காலை என் வீட்டுக்காரி முற்றத்தில் கொல்லாங்கொட்டை சுட்டாள். முந்திரி ஓடு பற்றி எரிந்து அந்தக் காந்தல் புகை மூக்கில் ஏறியதும் உன் கை ஞாபகம் வந்துவிட்டது. அண்டி ஆபீஸில் கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்து வெந்துபோன கை. "தீயை அணை!" என்று கத்தினேன். பயந்துபோய் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். எழுபது தாண்டியும் இந்த மனுஷனுக்குக் கோபம் அடங்கவில்லை என்று நினைத்திருப்பாள். அவளிடம்கூடச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குடிசை நிற்கிற மண் குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்த காலம். நம் சரிவில் ஏழு குடிசை. ஆளுக்குப் பத்து சென்ட் அளந்து நாமே வேலி கட்டினோம். வேலியைக் கண்டதும் நிலத்துக்கார ஜென்மிக்கு வெறி பிடித்தது. முதல் தடவை அவன் ஆட்கள் வந்தபோது கூரையைப் பிய்த்தார்கள், பானைகளை உடைத்தார்கள், அப்பாவின் முழங்காலை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். நாமெல்லாம் கால்போன பக்கம் ஓடி, பாதிப் பேர் அவர்கள் கையிலேயே போய் விழுந்தோம்.

அன்று சாயங்காலம் நீ அழவில்லை. தரையில் கொல்லாங்கொட்டைகளைப் பரப்பினாய். குடிசைக்கு ஒன்று, தோட்டு ஓடையின் மேல் கிடந்த தென்னந்தடிப் பாலத்துக்கு ஒன்று, ரப்பர்த் தோட்டத்துக்கு ஒன்று, பாறசாலை ரோட்டுக்கு ஒன்று. ரோட்டில் பஸ்ஸும் ஆளும் உண்டு, அங்கே எட்டிவிட்டால் உயிர் தப்பும்.

"எலே, அவனவன் வாசல்ல உள்ள வழியப் பத்தி மட்டும் கூவணும். அடுத்த வீட்டுக்காரன் கூவினத அப்படியே மேல விடணும், சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஏழு வீட்டுச் சேதியும் ஏழு வீட்டுக்கும் போகும். எதுவழி ஓடணும்னு அவனவன் மண்டை கணக்குப் போடட்டும்" என்றாய்.

கணக்கையும் நீதான் சொன்னாய். இடுப்பில் பிள்ளையோடு நடந்து நூறு எண்ணினால் ஒன்று. மேல்வீட்டிலிருந்து பாலம் இரண்டு, ரப்பர்த் தோட்டம் மூன்று. சின்னதை முதலில் உறுதி செய். அங்கிருந்து கூட்டு. பாலம் வழி ரோடு நாலு. பிறகு அடுத்த சின்னதை எடு. ரப்பர் வழி ரோடு ஏழு. ஏழைத் தள்ளு, நாலைப் பிடி. பாலம் போச்சு என்று கூவல் வந்தால் அந்தக் கொட்டையை எடுத்துவிட்டு முதலிலிருந்து கூட்டு, ஏழே வழி. அம்மாகூட இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள்.

ஒரு தொல்லை வந்தது. ஒரே கூவல் வீடு வீடாகச் சுற்றி, கூவினவன் காதுக்கே திரும்பி வந்து, மறுபடியும் கிளம்பிப் போகும். நீ ஒரு சட்டம் போட்டாய்: "ஒருக்கா கேட்ட சேதி மறுபடி வந்தா மேல விடாத." எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு மழைநாளில் தோடு பெருகித் தடி உருண்டது. "பாலம் போச்சு" என்று கூவல் வந்தது, மேலே விட்டேன். மாலையில் தடியைத் தூக்கிப் போட்டு "பாலம் சரியாச்சு" என்றார்கள், அதையும் விட்டேன். அதற்குப் பிறகும் பழைய "பாலம் போச்சு" ஒன்று யார் வாயிலோ கிடந்து ஒருதடவை சுற்றி வந்தது. எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜென்மியின் ஆட்கள் வெட்டுகத்திகளோடு வந்தார்கள். நான் நடுவீட்டுப் பாறைமேல் நின்றேன். நீ மேல்வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்; கீழேயுள்ள கூவல் என் வாய் வழியாகத்தான் உனக்கு எட்டும். பாலத்தோரக் கீழ்வீட்டிலிருந்து கிழவரின் குரல் கேட்டது: "கூஊய்! பாலம் போச்சு!"

கேட்ட சேதிதானே, நேற்றையது இன்னும் சுற்றுகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் அக்கா நான் செய்தது.

நீ கணக்கு பிசகாமல்தான் ஓடினாய். நாலு. மேல்வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தாய். தடியை இழுத்துப் போட்டுவிட்டு மூன்று பேர் காத்து நின்றார்கள். குழந்தையைப் புல்லில் உருட்டிவிட்டு, வந்தவன் கன்னத்தை நகத்தால் கிழித்தாய். முதல் வெட்டு தோளில், இரண்டாவது கழுத்துக்குக் கீழே. நான் வந்து சேர்ந்தபோது தோட்டு வெள்ளம் சிவந்து ஓடியது. குழந்தை புல்லில் கிடந்து கதறியது.

என் மடியில் கிடந்து கேட்டாய்: "எலே... பாலம் போச்சுன்னு ஒருத்தரும் கூவலியா?"

"இல்லக்கா, யாரும் கூவல" என்றேன்.

அதை நம்பித்தான் நீ போனாய். கீழ்வீட்டுக் கிழவர் கூவவில்லை என்று ஊரே அவர் முகத்தில் துப்பியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை வெட்டியவனைக் கொல்ல மூன்று நாள் கத்தியோடு அலைந்தேன். அம்மா வாசலில் குறுக்கே படுத்துத் தடுத்து, என்னைக் கல்ஃபுக்குக் கப்பல் ஏற்றினாள். கத்தி யாருக்கு வேண்டியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அங்கே வயர் இழுக்கிற வேலை. வருஷங்கள் போய் கம்ப்யூட்டர்கள் வந்தன, அவற்றுக்கும் வயர் இழுத்தேன். பாலராமபுரத்து இளைஞன் ஒருவன் எங்கள் எஞ்சினியர். சேதிகளை வழிபிரித்து அனுப்புகிற ரவுட்டர் பெட்டி எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று ஒருநாள் அட்டைப்பெட்டி மேல் வரைந்து, மலையாளம் கலந்து சொன்னான்.

"சேட்டா, ஓரோ ரவுட்டரும் தன்ற பக்கத்துல உள்ள லிங்க் மட்டுமே பறயும். கேட்டத மாத்தாம எல்லாருக்கும் விடும். எல்லார் கையிலயும் ஒரே மேப். பின்ன அவனவன் கணக்குப் போட்டு ஷார்ட் வழி எடுக்கும், அவ்வளவே."

உன் கொட்டைகள் அக்கா, அப்படியே. பழைய சேதி சுற்றிக்கொண்டே இருக்காதா என்று கேட்டேன். சிரித்தான்.

"அதுக்கு நம்பர் உண்டு சேட்டா. ஒவ்வொரு தடவையும் நம்பர் ஒண்ணு கூடும். அதே நம்பர் வந்தா தள்ளிக் களயும். கூடின நம்பர் வந்தா, சேதி பழசு மாதிரி இருந்தாலும் புதுசாக்கும்."

ஒரு எண். 'பாலம் போச்சு, மூணு' என்று கிழவர் கூவியிருந்தால் போதும். கையிலிருந்த, வயர்முனை நசுக்குகிற கிரிம்பரைச் சுவரில் வீசி அடித்தேன். சுவரில் காரை பெயர்ந்தது. பையன் மிரண்டு வெளியே ஓடினான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் எண் போட்டேன். எதற்கென்று கேட்டு எழுதினாள், அடுத்த கடிதத்தில் அடுத்த எண்ணைப் போட்டேன். கிழவர் செத்த பிறகுதான் ஊருக்கு வந்தேன். அது தற்செயல் இல்லை.

கிழவர் கூவினார் அக்கா. எனக்குக் கேட்டது. உன்னிடம் வராமல் நான்தான் நிறுத்தினேன். அன்று பாறைமேல் நின்று விட்டிருக்க வேண்டியதை இப்போது விடுகிறேன், கேட்டுக்கொள்.

பாலம் போச்சு. எண் மூன்று. ரப்பர் வழி ஓடு.